குளிரிலிருந்து இறைத்த சூடு

ஐப்பசி மழை வெறித்த ஒரு காலையில் ஜக்கையனின் ஜீப்பு போடியிலிருந்து மலையேறிக்கொண்டிருந்தது. உள்ளே தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளிகளை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மேலே கேரியரில், அரிசி மூட்டைக்கும் உரச் சாக்குக்கும் நடுவில், கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய இரண்டு அட்டைப் பெட்டிகள். அவற்றின் மேல் ஏசியின் படம் அச்சடித்திருந்தது. அடிவாரத்து முந்தலில் டீ குடிக்க நிறுத்தியபோதே அதைப் பார்த்து நாலு பேர் சிரித்தாகிவிட்டது.

“ஏன் மதினி,” என்று ஸ்டீயரிங்கைத் திருப்பியபடியே ஜக்கையன் முன்சீட்டில் இருந்த அமுதவள்ளியிடம் கேட்டான், “மேல குளிரு பத்தலையா? காசு குடுத்து வேற கீழ இருந்து ஏத்திட்டுப் போறீக?”

“மேல இருக்கிறது மிச்சமாக் கெடக்குப்பா. அதை இந்தப் பொட்டியில அடைச்சு உன் வீட்டுக்கு அனுப்பலாம்னுதான்.”

பின்னால் பெண்கள் சிரித்தார்கள். ஜக்கையன் விடவில்லை. “கன்னையண்ணனுக்கு மூச்சு முட்டுதுன்னு மலையே சொல்லுது. அந்த மனுசனைக் கொண்டுபோயி ஐஸ்பொட்டியில வைக்கப் போறீகளா?”

“நீ வளைவைப் பாத்து ஓட்டு. நான் அவரை வைக்கிறதுக்கு முன்னால நீ எங்க எல்லாரையும் வச்சுறாத.”

வாய்க்கு வாய் பதில் சொல்லிவிட்டாளே தவிர, அமுதவள்ளிக்கு உள்ளுக்குள் பயம்தான். போன பருவத்து ஏலக்காய் விற்று வந்ததில் பெரும்பங்கு கேரியரில் உட்கார்ந்திருந்தது. அது சொன்னபடி வேலை செய்யாவிட்டால் போகப்போவது அந்தப் பணம் மட்டுமல்ல.

அவளுக்கு ஐம்பத்து நாலு வயது. பிறந்தது ராசிங்காபுரம். வெயிலில் வளர்ந்த உடம்பு. கன்னையனைக் கட்டிக்கொண்டு மேலே வந்த புதிதில், காலையில் வாளித் தண்ணீரில் கை வைத்தால் யாரோ கிள்ளுவதுபோல இருக்கிறதென்று அழுதிருக்கிறாள். ரெண்டு மூன்று குளிர் கழிந்ததும் அதெல்லாம் ஓய்ந்துவிட்டது. இப்போது கீழே இறங்கினால்தான் அவளுக்கு உடம்பு பிசுபிசுக்கிறது, தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

கன்னையன் ஸ்டோர்க்காரர். பறித்த பச்சை ஏலக்காயைத் தட்டுத் தட்டாகப் பரப்பி, கீழே ஓடும் இரும்புக் குழாய்களுக்குள் விறகடுப்பின் சூட்டை அனுப்பி, நிறம் போகாமல் உலர்த்தி எடுக்கும் கட்டடத்துக்கு மலையில் ஸ்டோர் என்று பெயர். கன்னையன் ஒரு பெரிய தோட்டத்தின் ஸ்டோரில் வாலிபத்தில் நுழைந்தவர், தலை நரைத்துத்தான் வெளியே வந்தார். ஒரு கை காயை அள்ளிக் காதோரம் குலுக்கிப் பார்த்தே, இன்னும் எவ்வளவு நேரம் வேக்காடு வேண்டும் என்று சொல்லிவிடுவார். காய் பச்சைப்பசேலென்று இறங்கிற்று. புகை அவர் நெஞ்சில் இறங்கிற்று.

நெஞ்சு கெட்ட பிறகு ஸ்டோர் வேலை போய்விட்டது. மிச்சம் இருந்தது, போடிமெட்டைத் தாண்டி ஜீப்பு ரோட்டிலிருந்து இறங்கும் சரிவில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய ஒரு ஏக்கர் ஏலத்தோட்டமும், அதன் நடுவில் கல்சுவர் வைத்துத் தகரம் போட்ட வீடும்தான். டாக்டர் ரெண்டே ரெண்டு சொன்னார். புகை ஆகாது, குளிரும் ஆகாது. கேட்க எளிதாகத்தான் இருந்தது. மலையில் குளிரை விரட்ட நெருப்புச் சட்டியைப் பற்றவைத்தால் புகை வருகிறது. சட்டியை அணைத்தால் குளிர் வருகிறது. கம்பி சிவக்கும் கரண்டு ஹீட்டர் ஒன்றை வாங்கிப் பார்த்தார்கள். அதைப் போட்டால் வீட்டு பல்பு மின்மினியாகிவிடும். மீட்டர் பம்பரம் போலச் சுற்றும். சூடோ முழங்காலை மட்டும் சுட்டுவிட்டு முதுகை அப்படியே விட்டுவிடும்.

அதனால் நாலைந்து வருசமாகக் கார்த்திகை பிறந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போடியில் இருக்கும் மகன் விஜயகுமார் வீட்டுக்கு இறங்கிவிடுவார்கள். மாசி முடிந்துதான் ஏறுவார்கள். காய் பறிக்கும் பருவமும் அதுவே. ஆள் விட்டுப் பறித்தால் பழுத்தது பாதி உதிர்ந்து கிடக்கும், பிஞ்சு பாதி கூடைக்குள் கிடக்கும். மருமகள் அனுசியா குறை சொல்ல முடியாத பெண். “அத்தே, நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கிறேன்” என்றுதான் எதற்கும் சொல்வாள். அமுதவள்ளிக்கு அந்த உட்காருதல்தான் ஆகவில்லை. அடுப்படியில் ஒருத்தி நின்றால் இன்னொருத்தி வெளியேதான் நிற்க வேண்டும். டிவியைப் பார்த்தபடி வெங்காயம் உரிப்பதற்கா முப்பது வருசமாகச் சரிவில் கால் ஊன்றிப் பழகினோம் என்று தோன்றும்.

இந்த வருசம் விஜயகுமார் நேராகவே பேச்சை எடுத்தான்.

“ம்மா, வருசா வருசம் பூட்டிட்டு வர்ற வீடு எதுக்கு? தோட்டத்தைக் கேட்டு ஒரு யாவாரி வந்திருக்காரு. குடுத்துட்டு இங்கயே இருங்க. அப்பா நெஞ்சு இன்னொரு குளிரைத் தாங்காது.”

அவன் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் அவளால் சண்டை போட முடியவில்லை. முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

“இந்த ஒரு குளிரை மேலயே இருந்து பாக்குறோம்ப்பா. பொங்கல் வரைக்கும் பொறு. அதுக்குள்ள அப்பாவை மூச்சுமுட்டு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்குற மாதிரி ஆச்சுன்னா, நானே இறங்கி வந்து கையெழுத்துப் போடுறேன்.” விஜயகுமார் அரை மனசாகச் சரியென்றான்.

அவள் அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. மேலே ரெண்டு வளைவு தள்ளி, டூரிஸ்டுகள் வந்து தங்கும் ஒரு ரிசார்ட்டில் அவள் படுக்கை மாற்றும் வேலைக்குப் போய்வருவாள். போன ஆடிச் சாரலில், ஆள் காலி செய்த ஓர் அறையைத் திறந்தாள். உள்ளே கதகதவென்று இருந்தது. அடுப்பு இல்லை, புகை இல்லை, கரி வாடை இல்லை. அந்த மழையிலும் போர்வை மொரமொரவென்று காய்ந்திருந்தது. கை துடைத்துவிட்டுச் சுவரெல்லாம் தடவிப் பார்த்தாள். பூப்பாறைப் பக்கத்து மலையாளி மானேஜர் பின்னால் நின்று சிரித்தார்.

“ஏசிதான் சேச்சி. தணுப்பும் தரும், சூடும் தரும்.”

அன்றைக்குப் பிடித்த ஆசைதான் அது. போடிக் கடையில் போய்க் கேட்டபோது, “மலைக்கு எதுக்கும்மா ஏசி?” என்று கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். வெயில்காலத்தில் குளிரூட்டும் ஏசி எத்தனை வேண்டுமானாலும் அவரிடம் இருந்தது. சூடு தரும் ஏசியைப் போடியில் யாரும் கேட்டதில்லை. மதுரைக்குச் சொல்லித்தான் வரவழைத்தார்.

மாட்ட வந்த மெக்கானிக் நிலவன் சிலமலைக்காரன். அவள் பக்கத்து ராசிங்காபுரம் என்று தெரிந்ததும், “அப்ப நமக்கு அத்தை மொறைதான்” என்று உரிமை கொண்டாடிவிட்டான். ஒரு பெட்டியைப் படுக்கும் அறையின் சுவரிலும், இன்னொரு பெட்டியை வெளியே கல்தளத்திலும் வைத்து, இரண்டுக்கும் நடுவில் செம்புக் குழாயை ஓட்டினான். கன்னையன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எல்லாஞ் சரி மாப்ளே. அடுப்பு எங்க?”

“இதுக்கு அடுப்பு கெடையாது மாமா.”

“அடுப்பில்லாமச் சூடு எங்கிருந்து வரும்?”

“வெளிய இருந்து.”

கன்னையன் வெளியே பார்த்தார். மூடுபனி வாசல்படி வரைக்கும் வந்து நின்றிருந்தது. “வெளிய இருந்து,” என்று திருப்பிச் சொன்னார். “ஏத்தா, மாப்ளைக்கு ஒரு காப்பியப் போடு. ஒசரம் ஒத்துக்கலபோல.”

நிலவன் சிரித்தான். “கிணத்துல மோட்டார் வைக்கிறீக. மோட்டார் என்ன தண்ணியவா உண்டாக்குது? கீழ கெடக்கிறதை மேல இறைக்குது, அம்புட்டுத்தான். அந்த மாதிரி, நமக்குத்தான் இது குளிரு. ஆனாலும் இந்தப் பனிக்குள்ளயும் கொஞ்சம் சூடு கெடக்கு மாமா. அதை இழுத்துச் சேத்து உள்ள கொண்டாந்து ஊத்துது இந்த மிஷினு. ஹீட்டரு கரண்டையே எரிச்சுச் சூடாக்குது. இது இறைக்கிற சோலிக்கு மட்டுந்தான் கரண்டு எடுக்கும். அதனால அதே கரண்டுக்கு ரெண்டு மடங்கு, மூணு மடங்கு சூடு கெடைக்கும்.”

கன்னையன் எழுந்து வெளியே போய், ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் முன்னால் உள்ளங்கையைக் காட்டினார். வந்த காற்று மூடுபனியைவிடச் சில்லென்று இருந்தது. கையை இழுத்துக்கொண்டு, “இது குளிரைக் கக்குது,” என்றார்.

“அதுகிட்ட இருந்த சூட்டைத்தான் நாம புடுங்கிட்டமே.”

அது மட்டும் அவர் மனசுக்குப் பிடித்துவிட்டது. உள்ளே வந்து சுவர்ப்பெட்டிக்குக் கீழே நின்று, தலையில் இறங்கிய வெதுவெதுப்பை வாங்கிக்கொண்டார்.

நிலவன் கிளம்பும்போது அமுதவள்ளியிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். “அத்தே, ரிமோட்டுல சூரியன் படம் இருக்கணும். இருபத்திரெண்டுல வச்சு அப்படியே விட்டுருங்க. முழுசா ஏத்துறது, அணைக்கிறது, திரும்பப் போடுறதுன்னு வெளையாடாதீக. காத்து வர்ற பட்டை கீழ பாத்து இருக்கட்டும். நடுநடுவுல நின்னு நின்னு ஓடும். வெளிய ஒட்டுன உறைபனியத் தானே கரைச்சுக்குது, பயப்படாதீக. ஆனா ஒண்ணு. மிஷினு சரியா இருக்கு, வீடுதான் சரியில்ல. மேல வெறும் தகரம். சூடு ஏறுன வேகத்துல போயிரும். தகரத்துக்கடியில ஒரு தட்டி அடைச்சு, சந்தெல்லாம் மூடிருங்க.”

“காய் எடுப்பு முடியட்டும் மாப்ளே,” என்றாள் அமுதவள்ளி. பறிக்கிற நேரத்தில் எவளாவது கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாளா?

கார்த்திகை நல்லபடியாகப் போயிற்று. அவள் காலையில் ரிசார்ட்டுக்குப் போய்விட்டு, மத்தியானத்துக்கு மேல் தோட்டத்தில் பறிக்கிற ஆட்களோடு நிற்பாள். சொந்தக் கண் பட்டதும் கூடையில் பிஞ்சு விழுவது நின்றது. கன்னையன் அறையில் இருந்தார். அவருக்குத் துணைக்கு ரிமோட்டு இருந்தது.

மார்கழி பிறந்ததும் நிலைமை மாறிற்று. மிஷின் மூச்சு விடாமல் ஓடிக்கொண்டே இருந்தது. அறையோ சூடாவேனா என்றது. மீட்டர் பழைய ஹீட்டர் காலத்தைப் போலச் சுற்ற ஆரம்பித்தது. கதவுச் சந்தில் அவள் பழந்துணி திணித்தாள். ரிமோட்டைப் பார்த்தால் முப்பதில் நிற்கும். இருபத்திரண்டுக்கு இறக்குவாள். மறுபடி பார்த்தால் முப்பது.

“நீங்க எதுக்கு ஏத்துறீக?”

“ஆரம்பத்துல சூடு ஓங்கி இருக்கணும்த்தா. உனக்குத் தெரியாது.”

ஒரு நாள் விடியலில் கன்னையனுக்கு இழுப்பு வந்துவிட்டது. மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசரை மாட்டி, முதுகைத் தடவி, வெந்நீர் கொடுத்து, வெயில் எட்டிப் பார்க்கும்போதுதான் அடங்கிற்று. ஆஸ்பத்திரி வரைக்கும் போகவில்லை. ஆனால் போனில் மகனிடம் மறைக்க அவளுக்கு மனசு வரவில்லை. விஜயகுமார் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

“சரிம்மா. பொங்கல் வரைக்கும் வேணாம். வர்ற ஞாயித்துக்கிழமை ஜீப்பு கொண்டாறேன். துணிமணியக் கட்டி வைங்க. யாவாரிகிட்டயும் அன்னைக்கே பேசிருவோம்.”

மறுநாள் ரிசார்ட்டில் ஆள் குறைவு. முன்மத்தியானமே அவளை அனுப்பிவிட்டார்கள். மூடுபனி கண்ணை மறைத்தது. ஜீப்பு ரோட்டிலிருந்து சரிவில் இறங்கியவள், செடிகளுக்கு நடுவில் வீட்டின் பின்பக்கம் தெரிந்ததும் நின்றுவிட்டாள். கூரையோரம், சுவரின் உச்சியில் இருக்கும் சின்னச் சன்னலிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பிப் பனியோடு கலந்துகொண்டிருந்தது. இட்லிப் பானையைத் திறந்த மாதிரி அல்ல. மெதுவாக, ஒரே சீராக, நூல் பிடித்ததுபோல. அந்த ஆவியை அவளுக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான நாள் முதல் கன்னையனுக்குச் சோறு கொண்டுபோகும்போதெல்லாம், ஸ்டோர்க் கூரையின் ஓரத்தில் அவள் பார்த்த ஆவி அது.

உள்ளே போய் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். திரையாகத் தொங்கவிட்டிருந்த பழைய சேலைக்குப் பின்னால், சன்னல் பலகைக்கு முட்டுக்கொடுத்து ஒரு மூங்கில் துண்டு. பக்குவமாகச் செதுக்கி, சரியாக ஒரு கை அகலத்துக்கு நிற்கும்படி வைத்திருந்தது.

கன்னையன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். திருடியது பிடிபட்ட முகம் இல்லை அது. வேலையில் இருக்கும்போது யாரோ குறுக்கே வந்த முகம்.

“இது யாரு வச்சது?”

“நான்தான்.”

“எப்போருந்து?”

“மார்கழி பொறந்து ஈரம் கூடுச்சில்ல, அப்போருந்து. மொதல்ல அறையப் பூட்டி, சூட்டை ஓங்க விடணும். சுவரு வேர்க்கும். வேர்த்ததும் மேல்சன்னலைத் தொறந்து ஆவிய வெளிய விடணும். இல்லன்னா உள்ள புழுங்கிப்போயி நெறமே கெட்டுரும். நான் பாக்காத சூடா?”

“நெறம் கெட்டுருமா? எது? நீங்க என்ன காயா?”

அமுதவள்ளி முக்காலியில் நின்றபடியே மேல்சன்னலைக் காட்டினாள்.

“ஸ்டோருல கீழ எரியுது பாருங்க, அது மலை வெறகு. போனா இன்னொரு கட்டை. இங்க மிஷினு அந்தப் பனிக்குள்ள இருந்து சூட்டைத் துளித்துளியாச் சேத்து ஊத்துது. அதை நீங்க இந்த ஓட்டை வழியா மூடுபனிக்கே திருப்பி அனுப்பிக்கிட்டு இருக்கீக. போயி வெளிய நின்னு பாருங்க, ஊருக்கெல்லாம் ஏசி போடுறோம் நாம. அந்தப் பனிக்காத்துத்தான் விடியக்காலம் உங்க நெஞ்சுல விழுந்திருக்கு.”

அவள் இறங்கி, முக்காலியிலேயே உட்கார்ந்தாள். அவளுக்குள் ஆத்திரத்தோடு வேறு எதுவோ கூட இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள்தான்.

கன்னையன் அந்த மூங்கில் துண்டை நிமிர்ந்து பார்த்தார். “சும்மா உக்காந்திருக்கேன்ல,” என்றார். “பாத்துக்கிற மாதிரி ஒண்ணு கெடைச்சுச்சேன்னு பாத்துக்கிட்டேன்.”

அவளுக்கு அதற்கு மேல் திட்ட வரவில்லை. போடி வீட்டில் வெங்காயம் உரித்தபடி உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. எழுந்து அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள்.

“பாத்துக்கிறதுன்னா ஒழுங்காப் பாத்துக்கங்க. நிலவன் என்ன சொல்லிட்டுப் போனான்? தகரத்துக்கடியில தட்டி அடைக்கணும்னான். நான்தான் சோலி இருக்குன்னு விட்டுட்டேன். உங்க தப்பு ஒரு கை அகலம்னா என் தப்பு கூரை அகலம்.”

கன்னையன் அண்ணாந்து பார்த்தார். ஸ்டோரில் மேல்தட்டுக் காய்தான் எப்போதும் முந்தி உலரும். அதற்காகவே தட்டுகளை மாற்றி மாற்றி வைப்பார்கள். சூடு மேலேதான் போகும் என்பது அவருக்குப் புதுசா என்ன? இத்தனை நாளும் அதைத் தன் வீட்டுக் கூரையோடு சேர்த்து நினைத்துப் பார்க்காமல் போனதுதான் புதுசு.

“தட்டி வாங்கிச் செஞ்சு முடிக்கிறதுக்கு ஞாயிறு போயிரும்,” என்றார். “நான் வேலை பாத்த ஸ்டோருக்குப் பின்னால பழைய மூங்கில் தட்டி அடுக்கிக் கெடக்கும். காய் பரப்புறது. இப்ப எல்லாம் கம்பிவலைத் தட்டுத்தான். கேட்டாக் குடுப்பாய்ங்க. ஜக்கையனை வரச் சொல்லு.”

ஜக்கையன் வந்தான். லோடு இறக்கும்போதும் வாய் சும்மா இல்லை. “ஏசி வாங்குனீக, சரி. இப்ப அண்ணனையே தட்டுல பரப்பி உலத்தப் போறீகளா மதினி?”

“உன்னைத்தான் பரப்பணும். நனைஞ்சுபோயி வந்து நிக்கிற. அந்த முனையைப் புடி.”

ரெண்டு நாள் அந்த வீட்டில் வேறு சோலி நடக்கவில்லை. கன்னையன் கட்டிலில் உட்கார்ந்தபடியே கயிறு திரித்து, எந்தத் தட்டி எந்த மூலைக்கு என்று கை காட்டினார். ஜக்கையன் ஏணியில் நின்று கட்டினான். தட்டிக்கு மேல் அமுதவள்ளி சாக்குகளைப் பிரித்து ரெட்டையாகப் பரப்பினாள். சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் இருந்த சந்துகளில் வைக்கோலும் சாக்குத் துண்டும் போயின. மேல்சன்னல் மூடியது. நிலவன் போனிலேயே, “பட்டை கீழ பாத்திருக்கா, வடிகட்டி வலையைக் கழுவுனீகளா?” என்று விசாரித்துக்கொண்டான். வலையைக் கழற்றினால் கம்பளிப் பஞ்சு ஆட்டுத்தோல்போல ஒட்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விஜயகுமார் வந்தபோது காலை வெயிலே இல்லை. ஜக்கையனின் ஜீப்பைத்தான் வாடகைக்குப் பேசிக்கொண்டு வந்திருந்தான். வாசலில் மூட்டை எதுவும் கட்டி வைக்கப்படாததைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது.

“ம்மா, சொன்னேன்ல?”

“சொன்ன. உள்ள வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டு மறுபடி சொல்லு. கதவைச் சாத்திட்டு வா.”

மிஷின் இருபத்திரண்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற சத்தமே கேட்கவில்லை. அவ்வளவு மெதுவாக ஓடியது. விஜயகுமார் சாப்பிட உட்கார்ந்து, குழம்பை ஊற்றிக்கொண்ட நேரத்தில் டக்கென்று எல்லாம் நின்றது. பல்பு, மிஷின் எல்லாம். கரண்டு போய்விட்டது. மலையில் மார்கழியில் மரம் சாய்ந்து கம்பி அறுவது புதிதில்லை. போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அமுதவள்ளியின் கையில் இருந்த கரண்டி குழம்புச் சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. இதை அவள் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

“இதுதாம்மா,” என்றான் விஜயகுமார் மெதுவாக. “இந்த மிஷினை நம்பி எப்பிடிம்மா இருப்பீக? கரண்டு போனா அப்பா என்ன செய்வாரு?”

“சாப்புடு,” என்றார் கன்னையன். “ஜீப்பு எங்கயும் ஓடிறாது. கரண்டு போயி அறை சில்லுன்னு ஆகுற வரைக்கும் இரு. ஆச்சுன்னா நான் எந்திரிச்சு வர்றேன்.”

அப்பா அப்படி ஒரு பந்தயம் கட்டுவார் என்று விஜயகுமார் எதிர்பார்க்கவில்லை. சாப்பிட்டான். கையைக் கழுவ வெளியே போய், பல் கிட்டித்துக்கொண்டே உள்ளே ஓடிவந்தான். ஜக்கையனும் குளிர் தாங்காமல் ஜீப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து சுவரோரம் சாய்ந்தான். கன்னையன் போர்வையை மடியில் மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். அமுதவள்ளி பாத்திரம் கழுவும்போதெல்லாம் ஒரு காது அறையில் இருந்தது. ஒரு இருமல் வந்தது. அவள் கை நின்றது. அடுத்த இருமல் வரவில்லை. அப்புறம் ஜக்கையனின் குறட்டைதான் வந்தது.

பேச்சு எங்கெங்கோ போயிற்று. அனுசியாவின் தம்பி கல்யாணம், கீழே தென்னைக்கு வந்திருக்கும் வெள்ளைப் பூச்சி, இந்த வருசத்துக் காயின் பருமன். அமுதவள்ளி ஒரு முறத்தில் காயை எடுத்துவந்து காட்டினாள். விஜயகுமார் ஒன்றைக் கிள்ளி முகர்ந்து பார்த்தான். பிஞ்சே இல்லை என்பது அவன் கண்ணுக்கும் தெரிந்தது. எப்போது கழற்றினான் என்று யாரும் பார்க்கவில்லை; அவன் ஸ்வெட்டர் கட்டில் காலில் தொங்கிக்கொண்டிருந்தது.

பொழுது சாயும்போது கரண்டு வந்தது. மிஷின் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சன்னமாக மூச்சு விட ஆரம்பித்தது. அதன் முகத்தில் எண் ஒளிர்ந்தது. விஜயகுமார் எட்டிப் பார்த்தான்.

“நாலு டிகிரிதான் கொறைஞ்சிருக்கு,” என்றான். அவன் குரலில் இருந்தது சந்தோஷமா ஏமாற்றமா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

“ஏணியில ஏறி அந்தத் தட்டியத் தொட்டுப் பாரு,” என்றார் கன்னையன். “ஒங்கப்பன் கட்டச் சொன்னது.”

“கட்டுனது நான்,” என்றான் ஜக்கையன் கண்ணைத் திறக்காமலே.

விஜயகுமார் ஏறவில்லை. அம்மாவைப் பார்த்தான். “யாவாரிக்கு என்ன சொல்லம்மா?”

“அவர் நல்ல மனுசன்தான். வேற எடம் பாக்கச் சொல்லு. எனக்கு ஒரு வாக்குக் குடுத்தியே, பொங்கல் வரைக்கும்னு. அதை நீ பாதியில முறிச்ச. இப்ப அந்த மிச்சத்தையும் சேத்துக் குடு. மாசி வரைக்கும்.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் குளிரே இருக்காதே.”

ஜக்கையன் உரக்கச் சிரித்துவிட்டான். விஜயகுமாரும் சிரித்தான். இருந்தாலும் போகும்போது வாசலில் நின்று, ராத்திரியில் ஏதாவது என்றால் எந்நேரமானாலும் ஜக்கையனுக்குப் போன் போடச் சொல்லிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினான். ஜக்கையனும் தலையாட்டினான். காலியாக இறங்க வேண்டாம் என்று அமுதவள்ளி அனுசியாவுக்கு ஒரு பை நிறையக் காய் கொடுத்து அனுப்பினாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. தட்டிக்கு மேலே எலி குடியேறிவிட்டது. ராத்திரியில் சாக்கைப் பிராண்டும். கன்னையனுக்கு விடியலில் இருமல் உண்டு. ஆனால் இழுப்பு வரவில்லை. மீட்டர் தன் பாட்டுக்கு நிதானமாகச் சுற்றியது. நிலவன் பொங்கலுக்கு முன் வந்து பார்த்துவிட்டு, இன்னும் ரெண்டு வீட்டில் தன்னை விசாரித்திருக்கிறார்கள் என்றான். அப்படியே ஒன்று சொன்னான்: “ரெண்டு பேரு மூச்சு விடுற அறை. நாள்பூராப் பூட்டியே வைக்கவும் கூடாது. வெயில் அடிக்கிற நேரமாப் பாத்து, மிஷினை அணைச்சுட்டு, கொஞ்ச நேரம் சன்னலைத் தொறந்து விடுங்க மாமா.” கன்னையன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அமுதவள்ளி எலிப்பொறிக்குத் தேங்காய்ச் சில்லு சொருகுவதில் மும்முரமாக இருந்தாள்.

தை மாதத்தில் ஒரு மத்தியானம். பனி விலகி, சரிவெல்லாம் பளிச்சென்று வெயில். கூடையோடு மேலேறி வந்த அமுதவள்ளி வீட்டின் பின்பக்கத்தைப் பார்த்ததும் பழையபடி நின்றாள். மேல்சன்னல் திறந்திருந்தது. கூடையைக் கீழே வைத்துவிட்டு இரண்டெட்டு வேகமாக வைத்தாள்.

சன்னலில் ஆவி இல்லை. கல்தளத்துப் பெட்டி ஓடாமல் இருந்தது. வீட்டின் முன்கதவும் அகலத் திறந்திருந்தது. கன்னையன் தன் கம்பளியை வாசல் வேலியில் விரித்துப்போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். அவள் நிற்பதைப் பார்த்ததும், அவள் வாயைத் திறக்குமுன் சொன்னார்.

“வெயில் கல்தளத்தை விட்டு எறங்குனதும் சன்னலைச் சாத்திருவேன். நீ போயி காயைப் பாரு.”

அவள் திரும்பிப் போய்க் கூடையை எடுத்தாள்.